கொரோனா நேரத்தில் வயதானவர்களைப் பார்க்கும் வேலைக்குப் போகலாமா? வன்னியில் யாராவது செய்கிறீர்களா?

விசுவமடு38
2021 செப்டம்பர் 5

வணக்கம். நான் விசுவமடுப் பக்கம், வயது 38. இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஓ.எல் பரீட்சை எடுக்க இருக்கிறாள், சின்னவன் ஏழாம் ஆண்டு. கணவர் 2009இல் இல்லாமல் போய்விட்டார். பிள்ளைகளும் நானும் என் அம்மாவோடு இருக்கிறோம்.

எட்டு வருடம் ஆடைத் தொழிற்சாலையில் தையல் லைனில் வேலை செய்தேன். இந்த மே மாதம் பயணத்தடை போட்ட நேரம் எங்களை ஏற்றுகிற பஸ்ஸில் ஒரு பிள்ளைக்கு பொசிற்றிவ் வந்து, லைன் முழுவதையும் 14 நாள் தனிமைப்படுத்தினார்கள். அந்த மாதச் சம்பளம் பாதிதான் வந்தது. ஓகஸ்டில் திரும்பவும் அப்படியே நடந்தது. அதோடு நின்றுவிட்டேன். இப்போது ஊரடங்கு, கையில் காசும் இல்லை.

போன கிழமை தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு வேலை வந்தது. பரந்தனில் ஒரு அம்மா, 81 வயது. போன வருடம் பாரிசவாதம் வந்து இடது பக்கம் ஏலாது. பிள்ளைகள் மூன்று பேரும் கனடாவில். இதுவரை பார்த்த பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து போய்விட்டாள். வீட்டோடு தங்கிப் பார்க்க வேண்டும், மாதம் 25,000 தருகிறோம், சாப்பாடு அங்கேதான் என்கிறார்கள். ஆனால் கொரோனா முடியும் வரைக்கும் வீட்டுக்குப் போய்வரக் கூடாதாம், போனால் அம்மாவுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுவேன் என்று மகள் பயப்படுகிறா. அவ பயப்படுவது எனக்கு விளங்குகிறது, ஆனால் கொரோனா எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்?

எனக்குப் படிப்பு ஒன்றும் இல்லை. மாமியை இரண்டு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், கழுவித் துடைத்து, சாப்பாடு தீத்தி, எல்லாம் செய்தேன், அவவுக்குக் கடைசி வரை ஒரு புண் வரவில்லை. அந்த ஒன்றுதான் என்னிடம் இருக்கிற சேர்ட்டிபிக்கற். சொந்த மாமியைப் பார்த்ததும் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதும் ஒன்றா? என் கையால் அவவுக்கு ஏதாவது நடந்துவிட்டால்? இரண்டு சினோபாம் ஊசியும் போட்டுவிட்டேன், அந்த அம்மாவுக்கும் போட்டாயிற்றாம்.

இன்னொன்று. என் தமையனிடம் சொன்னேன். "கண்டவர்களுடைய மலசலம் அள்ளவா உன்னை வளர்த்தோம்" என்று கேட்டுவிட்டு இரண்டு நாளாகக் கதைக்கவில்லை. அது மனதைப் போட்டு உறுத்துகிறது. இந்த வேலை செய்கிறவர்கள் இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.


ஏ9_தாதி
2021 செப்டம்பர் 5

தங்கச்சி, நான் வன்னியில் ஒரு வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறேன், 19 வருடம். இரவு டியூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடம் படுக்கையில் இருந்தவவுக்குப் புண் வராமல் பார்த்தேன் என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். வார்ட்டில் நாங்கள் நான்கைந்து பேர் மாறி மாறி நின்றும் அதைத் தடுக்கப் படுகிற பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதனால் பயத்தை விடுங்கள். ஆனால் பாரிசவாதம் வந்தவரைப் பார்ப்பதில் சில விஷயம் வேறு, அதைப் போகுமுன் படித்துக்கொண்டு போங்கள்.

முதலாவது அந்த இடது கை. தூக்கும்போது, புரட்டும்போது, சட்டை போடும்போது அதைப் பிடித்து இழுக்கவே கூடாது. பலம் இல்லாத கையில் தசை மூட்டை இறுக்கிப் பிடித்திருக்காது, இழுத்தால் தோள் மூட்டு இறங்கிவிடும், பிறகு அந்த நோவு போகாது. இருக்கும்போது கைக்குக் கீழே தலையணை வையுங்கள். சட்டை போடும்போது ஏலாத கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுங்கள். மாறிச் செய்தால் உங்களுக்கும் கஷ்டம், அவவுக்கும் நோ.

இரண்டாவது சாப்பாடு. மாமிக்குப் படுக்க வைத்துத் தீத்தினீர்களோ தெரியாது, இவவுக்கு அது கூடவே கூடாது. நன்றாக நிமிர்த்தி இருத்தி, நாடி கொஞ்சம் கீழே பார்க்கிற மாதிரி வைத்து, சின்னக் கரண்டியால், விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்தது. இடது கன்னத்துக்குள் சோறு ஒதுங்கி நிற்கும், அவவுக்கே தெரியாது. சாப்பிட்டு முடிய வாயைத் திறந்து பார்த்துத் துடைத்துவிடுங்கள். அரை மணித்தியாலமாவது இருத்தி வைத்துவிட்டுத்தான் படுக்க விடலாம். தண்ணீர் குடிக்கும்போது இருமினால், குடித்த பிறகு குரல் ஈரமாகக் கரகரத்தால், அது சுவாசப்பைக்குள் போகிறதாக இருக்கலாம். உடனே கிளினிக்கில் சொல்ல வேண்டும். சனம் நினைக்கிறது பாரிசவாதம் வந்தவர்கள் பாரிசவாதத்தால்தான் போகிறார்கள் என்று. நியூமோனியாவால் போகிறவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன்.

புரட்டுவது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். குதிக்காலை மறந்துவிடாதீர்கள். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் குதிக்கால் மெத்தையில் முட்டாது. எங்கேயாவது சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள், அழுத்தியும் வெளிறவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேய்க்க வேண்டாம், எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம், பாரத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இனிக் கொரோனா. வயதுபோனவர்களுக்குக் காய்ச்சல் வராமலேயும் அது வரலாம். நேற்றுவரை ஒழுங்காகக் கதைத்தவ திடீரென்று மாறிக் கதைத்தால், சாப்பாட்டை ஒதுக்கினால், ஒரு காரணமும் இல்லாமல் சோர்ந்து கிடந்தால் அதுவே அறிகுறியாக இருக்கலாம். பிள்ளைகளிடம் சொல்லி, விரலில் மாட்டி இரத்தத்தில் ஒட்சிசன் பார்க்கிற ஒக்சிமீற்றர் ஒன்று வாங்குவியுங்கள். விரல் குளிராக இருந்தாலும் மருதாணி இருந்தாலும் பிழையாகக் காட்டும், கையைச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். 94க்குக் கீழே இறங்கினால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம், 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். மூச்சு வாங்காமலே ஒட்சிசன் இறங்கிப் போனவர்களை இந்த ஓகஸ்டில் நிறையப் பார்த்தோம். கதைத்துக்கொண்டே வந்தார்கள், பின்னேரம் இல்லை.

ஒன்றை அந்த மகளுக்குச் சொல்லுங்கள். நீங்கள் வீட்டுக்குப் போய்வருவது மட்டும்தான் ஆபத்து என்று அவ நினைக்கிறா. உண்மையில் பார்க்க வருகிற சொந்தக்காரர், கோயில் பிரசாதம் கொண்டுவருகிறவர், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர், இவர்கள்தான் மாஸ்க்கை நாடியில் விட்டுவிட்டு அம்மாவின் முகத்துக்குக் கிட்டக் குனிந்து கதைப்பார்கள். வாசலிலேயே நிறுத்துகிற அதிகாரத்தை உங்களுக்குத் தரச் சொல்லுங்கள். அறை யன்னலைத் திறந்து வையுங்கள், நுளம்புக்கு வலை போடலாம். மாஸ்க் வியர்வையில் நனைந்தால் மாற்ற வேண்டும், எங்கள் வெயிலுக்கு ஒரு நாளைக்கு ஒன்று போதவே போதாது.

இன்னொன்று, வன்னி ஆட்களுக்கு மட்டும் சொல்வது. உடம்பில் எங்கேயாவது சண்டை நேரம் பட்ட செல் (எறிகணை) துண்டு இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். வெளியே ஒரு சின்னத் தழும்புதான் தெரியும். அது இருக்கிற பக்கம் படுக்க வைத்தால் சிலருக்கு உயிர் போகிற நோ வரும். பெரியாஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ (காந்தத்தால் எடுக்கிற ஸ்கான்) என்று சொன்னால் அதை முதலில் நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவவால் சொல்ல முடியாமல் போகலாம்.


வட்டக்கச்சி
2021 செப்டம்பர் 6

குறை நினைக்க வேண்டாம், என் அபிப்பிராயம். ஓ.எல் எடுக்கிற பிள்ளையை விட்டுவிட்டு எப்போது வருவேன் என்று தெரியாமல் போய்த் தங்குவது சரியில்லை. தகப்பனும் இல்லாத பிள்ளைகள். காசு இன்றைக்கு வரும் நாளைக்குப் போகும். வீட்டில் இருந்து கோழி வளர்க்கலாம், தையல் தெரியும்தானே, தைக்கலாம்.


விசுவமடு38
2021 செப்டம்பர் 6

அண்ணா, அக்கறையோடு சொல்கிறீர்கள் என்று தெரியும். தையல் மெசின் இருக்கிறது. ஊரடங்கில் யார் சட்டை தைக்கக் கொடுக்கிறார்கள்? பள்ளிக்கூடமும் இல்லை, கல்யாண வீடும் இல்லை, கோயில் திருவிழாவும் இல்லை. மகள் வட்ஸப்பில் வருகிற பாடத்தைப் பார்க்க டேட்டா போடக் காசில்லாமல் பக்கத்து வீட்டு வேலிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டுதான் இதைக் கேட்கிறேன்.

தாதி அக்கா, நன்றி. கை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.


குளத்தடி
2021 செப்டம்பர் 6

தங்கச்சி, நான் இந்த வேலைக்கு வந்து ஏழு வருடம். முதலில் வவுனியாவில் இரண்டு வீடு, இப்போது கிளிநொச்சியில் ஒரு ஐயா. வேலையைப் பற்றித் தாதி அக்கா சொல்லிவிட்டா, நான் பேச்சைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அழுததெல்லாம் பேசாமல் போனதால்தான்.

எனது முதல் வீட்டில் "எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி இரு" என்றார்கள். எனக்கும் சந்தோஷம். வீட்டுப் பிள்ளை என்றபடியால் லீவு கேட்க முடியவில்லை, சம்பளம் பத்து நாள் பிந்தினாலும் கேட்க முடியவில்லை, அந்த அம்மாவைப் பார்க்கப் போனவள் பிறகு வீடு கூட்டி, முழு வீட்டுக்கும் சமைத்து, மாட்டுக்கும் தண்ணீர் வைத்தேன். இரவு நான்கு தடவை எழும்பிப் புரட்டிவிட்டு விடிய ஐந்து மணிக்கு முற்றம் கூட்டினேன். எட்டாம் மாதம் ஒரு சங்கிலி காணாமல் போனது. என்னைத்தான் முதலில் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அது தலையணை உறைக்குள் இருந்து வந்தது. யாரும் ஒரு சொல் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த நாளே வந்துவிட்டேன். அந்த அம்மா மட்டும் என் கையைப் பிடித்து அழுதா, அதைத்தான் இன்றைக்கும் நினைப்பேன்.

அதனால் நீங்கள் போகுமுன் கனடாவுக்கு வீடியோ கோல் எடுத்து, மூன்று பிள்ளைகளையும் ஒன்றாக வைத்துக் கதையுங்கள். ஒருவரிடம் மட்டும் கதைத்தால் மற்ற இருவரும் தங்களுக்குத் தெரியாது என்பார்கள். என்ன வேலை, எது உங்கள் வேலை இல்லை, சம்பளம் எந்தத் திகதி, யாருடைய கணக்கில் இருந்து வரும், அம்மாவுக்குத் திடீரென்று ஏதாவது நடந்தால் முடிவு எடுக்கிறவர் யார், அவருடைய போன் இரவில் திறந்திருக்குமா, எல்லாவற்றையும் கேளுங்கள். கேட்டதை அன்றைக்கே வட்ஸப்பில் எழுதி அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். பெரிய ஒப்பந்தம் தேவையில்லை, அந்தச் "சரி" போதும். போன முதல் நாளே அவவின் நகையைப் படம் எடுத்து, எண்ணி, அந்தக் குழுவில் போட்டுவிட்டு, வெளியே இருக்கிற சொந்தக்காரரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம், நல்ல பிள்ளைகள் என்றால் கோபிக்க மாட்டார்கள்.

சம்பளம். அரசாங்கம் இந்த ஓகஸ்டில் குறைந்த மாதச் சம்பளத்தை 10,000இலிருந்து 12,500 ஆக்கியது. 25,000 என்றதும் அதோடு பார்த்தால் இரண்டு மடங்கு. ஆனால் அது பகல் எட்டு மணித்தியால வேலைக்கு, உங்களுடையது இரவும் பகலும். தொழிற்சாலையில் உங்கள் பங்கு எட்டு வீதம், முதலாளி பங்கு பன்னிரண்டு வீதம் என்று ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) போயிருக்கும், வீட்டு வேலையில் அது கிடையாது. அதையும் சேர்த்துக் கேளுங்கள். 30,000 கேட்டு, மாதம் நான்கு நாள் லீவு கேளுங்கள். காசு கூட்டவில்லை என்றாலும் லீவை விட வேண்டாம். நித்திரை இல்லாமல் மூன்று மாதம் இருந்தால் உங்களுக்கே தெரியாமல் அந்த அம்மாவிடம் சத்தம் போட்டுவிடுவீர்கள். நான் போட்டிருக்கிறேன். அந்த நாளை நினைத்தால் இப்போதும் சாப்பாடு இறங்காது.

கொரோனா முடியும் வரை போகக் கூடாது என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. நானும் இன்னொரு பிள்ளையும் அந்த ஐயாவை இப்படித்தான் பார்க்கிறோம்: மூன்று கிழமை நான், ஒரு கிழமை அவள். அவள் வருவதற்கு முன் தன் வீட்டில் ஒரு கிழமை வெளியே போகாமல் இருப்பாள், நானும் திரும்பி வரும்போது அப்படியே, முதல் மூன்று நாள் வீட்டுக்குள்ளும் மாஸ்க்கோடு. ஒருவருக்குத் தடிமன் வந்தாலும் மற்றவள் நிற்பாள். பிள்ளைகளுக்கு இரண்டு பேருடைய காசு செலவுதான், ஆனால் நீங்கள் ஒருத்தி விழுந்தால் அந்த அம்மாவை அன்றிரவு யார் புரட்டுவது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். யோசிப்பார்கள்.

ஊரடங்கில் போய்வர கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் எடுத்து வைத்திருங்கள், இன்னார் வீட்டில் நோயாளியைப் பார்க்கிறா என்று.

உடம்பைப் பற்றி ஒன்று. தூக்கித் தூக்கி எனக்கு நாரி போனது முதல் வருடத்திலேயே. பழைய பருத்திச் சாரத்தை இரண்டாக மடித்து, தோளிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை அவவுக்கு அடியில் போட்டு வையுங்கள். புரட்டும்போதும் மேலே ஏற்றும்போதும் ஆளைப் பிடிக்காமல் சாரத்தைப் பிடித்து இழுக்கலாம், முழங்காலை மடித்து நிற்க வேண்டும். தோலும் உரசாது, அந்த இடது கையிலும் யாரும் கை வைக்கத் தேவையில்லை. சாரத்தில் சுருக்கு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுருக்கே புண்ணாக்கிவிடும்.

தமையன் சொன்னது. என் சித்தியும் அதையேதான் சொன்னா. இப்போது அவவுக்குச் சீனி வருத்தம், காலில் புண், கழுவிக் கட்ட என்னைத்தான் கூப்பிடுகிறா. நான் போகிறேன். வேறு என்ன செய்வது.


முள்ளியவளையாள்
2021 செப்டம்பர் 8

நான் முள்ளியவளை, இப்போது லண்டன். உங்கள் கேள்வியை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன், ஏனென்றால் நானும் கொரோனாவுக்குள்தான் இந்த வேலைக்கு வந்தேன், 46 வயதில்.

ஊரில் ஊரடங்கு போட்ட அதே 2020 மார்ச் 20ஆம் திகதிதான் இங்கே சாப்பாட்டுக் கடைகளை மூடச் சொன்னார்கள். நான் சமையலறையில் வேலை செய்தேன், அன்றிரவோடு வேலை போனது. ஏப்ரலில் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆள் தேவை என்று போட்டிருந்தார்கள். யாரும் போகப் பயந்த நேரம். பயிற்சி பாதி கொம்பியூட்டரில், மீதி ஒரு மூத்த அக்காவுக்குப் பின்னால் நடந்து பார்த்தது. நான் சேர்ந்த நேரம் இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு 15 பாடம் கொண்ட ஒரு சான்றிதழ் இருந்தது, அதை வேலை செய்துகொண்டே முடித்தேன். முதல் கிழமையிலேயே நான் சாப்பாடு கொடுத்த ஒருவர் இறந்துபோனார். அவருடைய மகள் டப்லட்டில் நின்று பாட்டுப் பாடினா, நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை நடுங்கி படம் ஆடியது. மகள் "பரவாயில்லை, அப்படியே பிடியுங்கள்" என்றா.

மாஸ்க் போட்டால் வயதானவர்களுக்கு நாங்கள் யார் என்றே தெரியாது, இதை யாரும் எனக்கு முதலில் சொல்லித் தரவில்லை. பாதிப் பேர் காது கேட்காமல் வாய் அசைவைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்வார்கள். நீங்கள் பார்க்கப் போகிற அம்மாவுக்கும் அப்படி இருக்கலாம். முதல் நாள் யன்னலுக்கு வெளியே நின்று மாஸ்க் இல்லாமல் முகத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். ஒவ்வொரு தடவையும் தொடுவதற்கு முன் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், "அம்மா, இப்போது வலப்பக்கம் திரும்பப் போகிறோம்" என்று. சொல்லாமல் தொட்டால் பயந்து போவார்கள்.

எங்கள் ஆட்களுக்கு இது இன்னும் கூட. என் அம்மா முள்ளியவளையில் இருக்கிறா, அவவையும் ஒரு பிள்ளைதான் பார்க்கிறா. போன மாதம் பக்கத்து வீட்டில் பொசிற்றிவ் வந்து பி.எச்.ஐயும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஆமியும் பஸ்ஸோடு வந்தார்கள். அம்மா அன்றைக்கே காணி உறுதியையும் அடையாள அட்டையையும் ஷொப்பிங் பையில் போட்டு இடுப்பில் கட்டிவிட்டா. சண்டை முடிந்த நேரம் சனத்தை அடைத்து வைத்த செட்டிகுளம் முகாமுக்குத் திரும்பவும் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்துவிட்டா. எவ்வளவு சொல்லியும் மூன்று நாள் அந்தப் பையைக் கழற்றவில்லை. பார்க்கிற பிள்ளை அதைப் பறிக்கவில்லை, குளிக்க வார்க்கும்போது மட்டும் வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, முடிந்ததும் திருப்பிக் கொடுத்தாளாம். இதைப் போனில் கேட்டபோது நான் வேலை இடத்தில் உட்கார்ந்து அழுதேன். ஒன்றரை வருடம் படித்து வேலை செய்கிற எனக்கு அது தோன்றியிருக்குமா தெரியாது.

அந்தப் பிள்ளைக்கு நான் 35,000 அனுப்புகிறேன், மாதம் ஐந்து நாள் லீவு, அந்த ஐந்து நாளும் என் மச்சாள் போய் நிற்பா. கனடாப் பிள்ளைகளால் முடியும். கூச்சப்படாமல் கேளுங்கள். எங்களுக்கு இங்கே குற்ற உணர்ச்சி அதிகம், அதனால் ஒரு நாளைக்கு ஆறு தடவை போன் எடுத்து "சாப்பிட்டாவா, ஏன் மெலிந்து தெரிகிறா" என்று கேட்போம். நான் அப்படிக் கேட்டு அந்தப் பிள்ளையை நோகடித்திருக்கிறேன். காலமையும் இரவும் இரண்டு நேரம் குறித்துக்கொண்டு, சாப்பாடு, மருந்து, மலம் போனது, தோல் எப்படி என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். பயம் குறைந்தால் கேள்வியும் குறையும்.

இங்கே வரலாம் என்று யாராவது முகவர் சொன்னால் நம்ப வேண்டாம், சாதாரணப் பராமரிப்பு வேலைக்கு இன்றைக்கு இங்கே விசா கிடையாது. வேறு எந்த நாடு என்றாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு இருக்கிறதா என்று பார்க்காமல் பாஸ்போட்டைக் கொடுக்காதீர்கள். ஊரிலேயே என்.வி.கியூவில் (தேசிய தொழிற் தகைமை) பராமரிப்பாளர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ நைற்றா என்ற மற்றப் பயிற்சி அதிகாரசபையிலோ கேட்டுப் பாருங்கள். செய்த வேலையைக் காட்டி, பரீட்சித்துச் சான்றிதழ் தருகிற முறையும் இருக்கிறது, வகுப்புக்கு முழுதாகப் போக வேண்டியதில்லை. அதற்காகத்தான் அந்த நான்கு வரியைக் கொப்பியிலும் எழுதி வையுங்கள் என்கிறேன், செய்ததற்கு அது அத்தாட்சி.


விசுவமடு38
2021 டிசம்பர் 12

எல்லாருக்கும் வணக்கம். பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

போனேன். செப்டம்பர் 20ஆம் திகதியில் இருந்து பரந்தனில் இருக்கிறேன். குளத்தடி அக்கா சொன்னபடி மூன்று பேரையும் வைத்துக் கதைத்தேன், குரல் நடுங்கியது, ஆனால் கொப்பியைப் பார்த்து வாசித்தேன். மூத்த மகன்தான் கொஞ்சம் இழுத்தார், மாதம் நான்கு நாள் எதற்கு என்று. கடைசி மகள், அவ அங்கே வைத்தியசாலையில் வேலையாம், "அண்ணா, நான் ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து செய்ய மாட்டேன், இவ முப்பது நாளும் செய்ய வேண்டுமா" என்று கேட்டா. 28,000, நான்கு நாள் லீவு. அந்த நான்கு நாளுக்குத் தர்மபுரத்தில் என்னோடு தொழிற்சாலையில் இருந்த பிள்ளை வருகிறாள், அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

முதல் கிழமை பொல்லாத கிழமை. அம்மா என்னை விடவேயில்லை, பழைய பெண்ணின் பெயரைச் சொல்லிச் சொல்லி நல்ல கையால் தள்ளினா. மாஸ்க்தான் காரணமோ என்று யன்னலுக்கு வெளியே போய் நின்று முகத்தைக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நீ இன்னாருடைய மகளா, விசுவமடுவில் கடை வைத்திருந்தவர்" என்றா. என் தகப்பனைத் தெரிந்திருக்கிறது. அவர்களும் 2009 ஜனவரியில் இடம்பெயர்ந்து எங்கள் வளவில் நான்கு நாள் தங்கியவர்களாம். எனக்கு நினைவே இல்லை, அந்த நேரம் வளவு முழுக்கச் சனம். என் அம்மாவிடம் போனில் கேட்டேன், அவவுக்கு நினைவிருக்கிறது, மாட்டு வண்டிலோடு வந்தவர்கள் என்றா.

செல் துண்டு இருக்கிறது, வலது தொடையில். பிள்ளைகளுக்கே தெரியாது. தாதி அக்கா, நீங்கள் சொல்லாவிட்டால் நான் அந்தப் பக்கம்தான் படுக்க வைத்திருப்பேன், இடது ஏலாது என்று வலதுதானே நல்லது என்று நினைத்திருப்பேன். இப்போது முழுதாகச் சாய்க்காமல் முதுகுக்குத் தலையணை கொடுத்துக் கொஞ்சமாகச் சாய்க்கிறேன். புண் இல்லை.

ஒக்டோபரில் ஒரு நாள் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு மாறிக் கதைக்கத் தொடங்கினா. ஒக்சிமீற்றர் 96 காட்டியது, ஆனாலும் மனம் கேட்காமல் 1990க்கு அடித்தேன். பிசிஆர் நெகற்றிவ். சிறுநீரில் கிருமி என்று ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வந்த டொக்டர் "நல்ல நேரம் கொண்டுவந்தீர்கள்" என்றார். பிறகு மூன்றாவது ஊசியும் போட்டாயிற்று, பைசர்.

என் மகள் நான்கு வரிக் கொப்பியைப் பார்த்துவிட்டு, நான் எழுதுகிற எழுத்துப் பிழையை எல்லாம் சிவப்புப் பேனையால் திருத்தி வைத்திருந்தாள், லீவில் போனபோது. டேட்டாவுக்கு இப்போது வேலிக்குப் போவதில்லை. தமையன் இன்னும் சரியாகக் கதைக்கவில்லை. தீபாவளிக்கு வந்தார், தேத்தண்ணி குடித்தார், வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போகும்போது சைக்கிள் செயின் இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

குளத்தடி அக்கா, சாரம் விஷயத்தில் ஒரு சந்தேகம். நான் ஒருத்தி மட்டும் நிற்கும்போது மேலே ஏற்ற முடியவில்லை, அம்மா கால்மாட்டுக்கு வழுக்கி வந்துவிடுகிறா. நீங்கள் தனியாக எப்படிச் செய்கிறீர்கள்?


குளத்தடி
2021 டிசம்பர் 12

நல்லது தங்கச்சி, நல்லது. வாசித்துவிட்டு ஐயாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

தனியாக என்றால் முதலில் தலைமாட்டைத் தட்டையாக்குங்கள், நிமிர்த்தி வைத்துக்கொண்டு இழுத்தால் வராது. அவவுடைய வலது முழங்காலை மடித்துப் பாதத்தை மெத்தையில் ஊன்ற வையுங்கள், குதிக்கால் உரசாமல். நீங்கள் தலைமாட்டில் நின்று சாரத்தின் இரண்டு மூலையையும் பிடித்து, "ஒன்று, இரண்டு, மூன்று, உதையுங்கோ அம்மா" என்று சொல்லி அவ உதைக்கும்போது இழுங்கள். நல்ல காலில் பலம் இருக்கும், அதைப் பாவிக்க விடுங்கள். தொடை நொந்தால் நிறுத்திவிடுங்கள், மற்றப் பிள்ளை வருகிற நாளில் இருவராகச் செய்யலாம். பிறகு வழுக்காமல் இருக்க முழங்காலுக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை, அதிக நேரம் வேண்டாம், சாப்பிடுகிற நேரம் மட்டும்.